டில்மனின் இடது காது

டாக்டர்: இப்பக் கேட்டுச்சா?

எஸ்ரா: கேட்டுச்சு.

டாக்டர்: இப்ப?

எஸ்ரா: நல்லாவே கேட்டுச்சு. கொஞ்சம் மெல்லிசு, ஆனா...

டாக்டர்: டில்மன் சார், நான் இன்னும் ஒலியே போடலை. கடைசி நாலு தடவையும் போடலை. நாலு தடவையும் நீங்க பட்டனை அமுக்குனீங்க.

எஸ்ரா: மெஷின் கோளாறா இருக்கும்.

டாக்டர்: மெஷினைப் போன வாரம்தான் சரி பார்த்தாங்க.

எஸ்ரா: அப்ப விரல் கோளாறு. எழுபத்தாறு வயசு விரல். தானா ஆடுது.

டாக்டர்: தானா ஆடுற விரல் பத்து செகண்டுக்கு ஒரு தடவை, கரெக்டா ஆடாது சார். நீங்க... மனசுக்குள்ள எண்ணறீங்களா?

எஸ்ரா: என்னத்த எண்ணறேன்?

டாக்டர்: தாளத்தை.

எஸ்ரா: ... நீதாம்மா ஆரம்பத்துல அப்படிப் போட்ட. பதினாறு தட்டுக்கு ஒண்ணு, பதினாறு தட்டுக்கு ஒண்ணு. அந்த இடம் வந்தாக் கை தானாப் போகுது. நான் என்ன செய்ய?

டாக்டர்: பன்னெண்டு வருஷமா இந்த வேலை பார்க்கறேன். ஏமாத்துறவங்க நெறைய வருவாங்க. இந்தப் பெட்டிக் கண்ணாடி வழியா என் கையைப் பார்ப்பாங்க, முகத்தைப் பார்ப்பாங்க. தாளம் போட்டு ஏமாத்தினது நீங்கதான்.

எஸ்ரா: அப்படின்னா இதையும் என் சாதனைப் பட்டியல்ல சேர்த்துடு.

டாக்டர்: சிரிக்காதீங்க. உண்மை தெரியணும்னுதானே வந்தீங்க?

எஸ்ரா: ஆமா.

டாக்டர்: அப்புறம் எதுக்குப் பொய்?

எஸ்ரா: உண்மை கொஞ்சம் நல்லதா வந்தாத் தேவலையேன்னு பார்த்தேன்.

டாக்டர்: மறுபடி முதல்லேர்ந்து வைப்போம். இந்தத் தடவை நான் இஷ்டத்துக்குப் போடுவேன். எண்ணக் கூடாது.

எஸ்ரா: எண்ணாம இருக்க எனக்குத் தெரியாதும்மா.

டாக்டர்: வேற எதையாவது நெனச்சுக்கங்க. பிள்ளைங்க பேரைச் சொல்லிக்கிட்டே இருங்க.

எஸ்ரா: ஆறு பேரு. அவங்களும் தாளத்துல போய் உட்கார்ந்துக்குவாங்க.

டாக்டர்: சரி, சனிக்கிழமை என்ன சாப்பிடலாம்னு யோசிங்க.

எஸ்ரா: சனிக்கிழமையா... அதை நெனச்சாலே எனக்குச் சோறு இறங்கலை.

டாக்டர்: ஏன், அன்னைக்கு என்ன?

எஸ்ரா: நீ மெம்பிஸ் பொண்ணுதானே? ஊர் பூரா போஸ்டர் ஒட்டியிருக்கானுங்களே.

டாக்டர்: ஐயோ... 'டில்மன் செவன்' பேண்டா? ஆத்தங்கரை மேடை, ஐம்பதாவது வருஷம்... அந்த டில்மனா நீங்க?

எஸ்ரா: அந்த டில்மனேதான்.

டாக்டர்: கார்டுல தொழில்னு போட்ட இடத்துல 'பெயின்டர்'னு எழுதியிருக்கீங்களே!

எஸ்ரா: கிட்டார்காரன் காது டாக்டர் வாசல்ல நிக்கறான்னு ஊருக்குள்ள பரவணுமா?

டாக்டர்: அப்பப் பேரையும் மாத்தியிருக்கலாமே?

எஸ்ரா: பேரை மாத்தினா இன்ஷூரன்ஸ்காரன் விடுவானா?

டாக்டர்: எங்க அம்மா கல்யாணத்துல நீங்க வாசிச்சிருக்கீங்க சார். இன்னைக்கும் சொல்லுவாங்க.

எஸ்ரா: நல்லா வாசிச்சேனாமா?

டாக்டர்: அப்பா ஆடினாராம். அதுக்கு முன்னாடியும் ஆடினதில்லை, அப்புறமும் ஆடினதில்லை.

எஸ்ரா: ம்... பாரும்மா. சனிக்கிழமை அந்த மேடையில பேண்டை நான் நடத்தணுமா, இன்னொருத்தன் கையில குடுத்துட்டு இறங்கணுமா... அதைத் தெரிஞ்சுக்கத்தான் வந்தேன். போடு. இனிமே ஏமாத்த மாட்டேன்.

டாக்டர்: கேட்டா மட்டும் அமுக்குங்க.

எஸ்ரா: ...

டாக்டர்: ...

எஸ்ரா: ஆரம்பிச்சுட்டியா?

டாக்டர்: ஆரம்பிச்சு நேரமாச்சு சார்.

எஸ்ரா: ... ஓ.

டாக்டர்: பேசாதீங்க.

எஸ்ரா: ... ஆங், இது! இது கேட்டுச்சு. கப்பல் ஊதற மாதிரி.

டாக்டர்: ம். இன்னும் கொஞ்சம்தான்... அவ்வளவுதான். ஹெட்ஃபோனைக் கழட்டிட்டு வெளிய வாங்க. இந்த நாற்காலியில, என் முகம் தெரியற மாதிரி உட்காருங்க.

எஸ்ரா: உன் முகத்தைப் பார்த்தாலே தெரியுதே.

டாக்டர்: முகத்தைப் பார்க்காதீங்க, தாளைப் பாருங்க. இந்தச் சிவப்புக் கோடு வலது காது, நீலம் இடது. இந்தப் பக்கம் கனமான ஒலி, அந்தப் பக்கம் மெல்லிசு. கோடு இறங்க இறங்கக் கேட்கறது கம்மி.

எஸ்ரா: நீலம் கிணத்துல விழுந்துருச்சே.

டாக்டர்: ஆமா. அதான் எனக்குப் புரியலை. வயசானா ரெண்டும் சேர்ந்துதான் இறங்கும். உங்களுக்கு இடது மட்டும் இவ்வளவு ஆழம். இடது பக்கம் என்ன நின்னுச்சு? வருஷக்கணக்கா?

எஸ்ரா: ரெண்டு ட்ரம்பெட், ஒரு சாக்ஸபோன்.

டாக்டர்: எப்ப?

எஸ்ரா: அறுபத்தொண்ணுலேர்ந்து அறுபத்தேழு வரைக்கும். அப்ப நாங்க நெஜமாவே ஏழு பேரு. ஏழு பேருக்கும் ஒரே நிறத்துல கோட்டு, மாட்டு ரத்தச் சிவப்பு. மேடை உன் மேஜை அகலம்தான் இருக்கும். ட்ரம்பெட் வாய் என் காதுக்கு ஒரு முழம்.

டாக்டர்: அதேதான். கோட்டுல அப்படியே தெரியுது பாருங்க.

எஸ்ரா: என்ன, அந்தக் கோட்டுச் சிவப்புமா?

டாக்டர்: அதைத் தவிர. வலது காது இவ்வளவு நாள் பிழைச்சது எப்படி? வலப்பக்கம் யாரு?

எஸ்ரா: வலப்பக்கம் எப்பவும் சுவர். சின்னச் சின்ன பார்தானே... ஞாயித்துக்கிழமை மட்டும் வலப்பக்கம் கடவுள்.

டாக்டர்: கடவுளா?

எஸ்ரா: சர்ச்சுல நாலு பேரு சேர்ந்து பாடுவாங்க, நான் அவங்களுக்கு மெல்லமா வாசிப்பேன். 'சகோதரர் ஏசாயா'ன்னு வேற பேரு, பெரிய தொப்பி. சனிக்கிழமை சாராயக்கடையில வாசிக்கிறவன் ஞாயித்துக்கிழமை அங்க வந்தாத் துரத்திடுவாங்கல்ல.

டாக்டர்: யாருமே கண்டுபிடிக்கலையா?

எஸ்ரா: பாதி சபைக்குத் தெரியும். ஆனா என்னைத் தெரியும்னு சொன்னா, எங்க பார்த்தேன்னும் சொல்லணுமே.

டாக்டர்: ஹா... சரி, அதுக்கு முன்னாடி? ஆரம்பத்துல?

எஸ்ரா: இது காது டெஸ்ட்டா, ஆயுசு டெஸ்ட்டா?

டாக்டர்: ரெண்டும் ஒண்ணுதான் போல இருக்கு. சொல்லுங்க சார், இந்தக் கோட்டை நான் படிக்கணும்.

எஸ்ரா: ஆரம்பத்துல தனியா. கையில கிட்டார், காலுக்கடியில ஒரு பலகை. மிசிசிப்பி ஆத்துக்கு அந்தப் பக்கம், பஞ்சு எடை போடுற இடத்துல சனிக்கிழமை சாயங்காலம் வாசிப்பேன். அப்புறம் ரேடியோவுல கால் மணி நேரம், மாவு விக்கற கம்பெனிக்கு. அப்புறம் சிகாகோ. குளிர் தாங்கலைன்னு திரும்பி ஓடி வந்தேன்.

டாக்டர்: எல்லாம் ப்ளூஸ் பாட்டா?

எஸ்ரா: மனசுல எல்லாம் ப்ளூஸ்தான். கையில என்ன கேட்டாங்களோ அது. ஒரு வெள்ளைக்காரன், கிராமத்துப் பாட்டுப் பாடறவன். அவன் ரெக்கார்டுல முழுக்க முழுக்க என் கிட்டார். அட்டைப் படத்துல கிட்டாரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறது அவன் மச்சான். மச்சானுக்கு அதைத் தலைகீழாப் பிடிச்சிருக்கோம்னுகூடத் தெரியலை.

டாக்டர்: கோபம் வரலையா?

எஸ்ரா: வந்துச்சு. அன்னைக்குத்தான் சொந்தப் பேண்டு வைக்கறதுன்னு முடிவு பண்ணேன். பேண்டு வெச்சவன் எல்லாத்தையும் வாசிக்கணும். எழுபத்தேழுல எல்லாரும் டிஸ்கோ கேட்டாங்க. வெள்ளை ஷூ, இவ்வளவு உசரக் குதிகால். மேடையிலேர்ந்து விழுந்தேன். கூட்டம் அது புது ஆட்டம்னு கைதட்டுச்சு.

டாக்டர்: இந்தச் சின்னப் பள்ளம் அந்தக் காலமா இருக்கும், ரெண்டு காதுலயும் இருக்கு.

எஸ்ரா: நீ என் ரெக்கார்டெல்லாம் கேட்டவ மாதிரி பேசறியே!

டாக்டர்: ஒண்ணுதான் விளங்கலை. இந்தத் தாள்படி, மேடைச் சத்தத்துல உங்க கிட்டாரே உங்களுக்குக் கேட்டிருக்காது. ரொம்ப நாளாவே. எவ்வளவு நாள் சார்?

எஸ்ரா: பதினோரு வருஷம்.

டாக்டர்: பதினோரு வருஷம் எப்படி வாசிச்சீங்க?

எஸ்ரா: சுருதிக்கு ஒரு சின்ன விளக்கு இருக்கு, கிட்டார் தலையில மாட்டிக்கலாம். பச்சை வந்தாச் சரி. பாட்டு எங்க போகுதுன்னு பேஸ் கிட்டார் வாசிக்கிறவன் விரலைப் பார்ப்பேன். பாடும்போது தொண்டையே சொல்லிடும். மத்ததெல்லாம் கை. கைக்குக் காது வேண்டியதில்லை.

டாக்டர்: யாரும் கவனிக்கலையா?

எஸ்ரா: போன மாசம் வரைக்கும் இல்லை. போன மாசம் ஹெலனா ஊர்க் கச்சேரியில... வெயில்ல விளக்குத் தெரியலை, கிட்டார் நரம்பு இளகிப் போயிருக்கு. ஒரு மெதுவான பாட்டை, முழுப் பாட்டையும் சுருதி விலகி வாசிச்சிருக்கேன். கண்ணை மூடிக்கிட்டு, உருகி உருகி. கண்ணைத் திறந்தா, சாக்ஸ் வாசிக்கிற பொண்ணு முகத்தைத் திருப்பிக்கிட்டு நிக்குது. அதுக்கு அழுகை. என்னைக் கேலி பண்ணியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்.

டாக்டர்: காதுக் கருவி குடுக்கறேன். பேச்சுக்கு நல்லா உதவும். மேடைக்கு... சனிக்கிழமைக்குள்ள பழகாது. உங்களுக்குப் பொய் சொல்ல நான் விரும்பலை.

எஸ்ரா: அப்ப முடிஞ்சுது.

டாக்டர்: நான் அப்படிச் சொல்லலை. பதினோரு வருஷம் சமாளிச்சவரு இன்னும்...

எஸ்ரா: நீ சொல்ல வேண்டாம். அந்தச் சட்டத்தைப் போட்டவனே நான்தான். 'காது கேட்காதவனுக்கு என் மேடையில இடம் இல்லை.' எழுபத்துநாலுல, ஆர்கன் வாசிச்ச க்ளீவனை அப்படித்தான் அனுப்பினேன். பதினஞ்சு வருஷச் சிநேகம். எல்லார் முன்னாடியும் நிக்க வெச்சுச் சொன்னேன், மத்தவனுக்கும் பயம் இருக்கட்டும்னு.

டாக்டர்: அவர் அப்புறம்...?

எஸ்ரா: பேசவே இல்லை. செத்துட்டான். இப்ப என் முறை வந்தா நான் மட்டும் ஒளிஞ்சுக்கறதா?

டாக்டர்: யார்கிட்ட குடுப்பீங்க பேண்டை?

எஸ்ரா: வெளிய உட்கார்ந்திருக்கானே.

டாக்டர்: உங்களைக் கூட்டிட்டு வந்தவரா? அவரை உங்க அண்ணன்னு நெனச்சேன்.

எஸ்ரா: அண்ணனா! அவன் காதுல போட்டுடாத, செத்துடுவான். என்னைவிட நாலு வயசு சின்னவன். வார்டெல், என் டிரம்காரன். நாப்பத்தொரு வருஷம். பேண்டுல எல்லாரும் வந்தாங்க போனாங்க, அவன் மட்டும் ஸ்டூலைவிட்டு எழுந்திருக்கலை.

டாக்டர்: எதுக்கு வந்திருக்கீங்கன்னு அவருக்குத் தெரியுமா?

எஸ்ரா: பல்லுக்குன்னு சொன்னேன். பக்கத்துக் கதவு பல் டாக்டர்தானே? கூப்பிடும்மா. நீ இருக்கும்போதே சொல்லிடறேன். தனியாச் சொன்னா ரெண்டு பேரும் பேச்சை மாத்திடுவோம், கடைசியில மீன் வறுவல் சாப்பிடப் போயிடுவோம்.

டாக்டர்: இருங்க... சார், உள்ள வாங்க.

வார்டெல்: என்னடா, பல்லைப் பிடுங்கிட்டாங்களா? நாக்கையும் சேர்த்துப் பிடுங்கச் சொல்லியிருக்கலாமே.

எஸ்ரா: உட்காரு.

வார்டெல்: இதென்ன ரூமு? பல்லுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய பெட்டி?

எஸ்ரா: உட்காருடான்னா.

வார்டெல்: மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? டாக்டரம்மா, இவனுக்கு என்ன? உசுருக்கு ஒண்ணும் இல்லையே?

டாக்டர்: உசுருக்கு ஒண்ணும் இல்லை சார்.

வார்டெல்: அப்ப சரி. மத்தது எதுவா இருந்தாலும் இவன் பொறுத்துக்குவான்.

எஸ்ரா: எனக்குக் காது போச்சு, வார்டெல். இன்னைக்கு நேத்து இல்லை. பதினோரு வருஷமா.

வார்டெல்: ... வெளையாடாத.

எஸ்ரா: தாளைப் பாரு. இந்த நீலக் கோடு.

வார்டெல்: எனக்குத் தாளெல்லாம் தெரியாது. பதினோரு வருஷமா என்கிட்ட சொல்லாம... நான் யாருடா உனக்கு?

எஸ்ரா: சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்ப?

வார்டெல்: என்ன பண்ணியிருப்பேன்? ஒண்ணும் பண்ணியிருக்க மாட்டேன்!

எஸ்ரா: ஒண்ணும் பண்ணாம எனக்காகப் பொய் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிருப்ப. அதான் சொல்லலை. க்ளீவனை அனுப்பும்போது நீ அங்கதானே இருந்த?

வார்டெல்: இருந்தேன். பஸ் நிக்கற இடம் வரைக்கும் அவன் பெட்டியைத் தூக்கிட்டுப் போனது நான்தான். அவன் வழி பூரா ஒரு வார்த்தை பேசலை. அதுலேர்ந்து ராத்திரி படுக்கப் போகும்போதெல்லாம் நான் என் காதைத் தேய்ச்சுப் பார்த்துக்குவேன்.

எஸ்ரா: அந்தச் சட்டம் எனக்கும்தான். சனிக்கிழமை மேடையில நானே சொல்லப் போறேன். பேண்டு இனி உன்னோடது.

வார்டெல்: வேண்டாம்.

எஸ்ரா: பேரு அப்படியே இருக்கட்டும், இல்லைன்னா மாத்திக்கோ...

வார்டெல்: வேண்டாம்னு சொல்றேன்ல.

எஸ்ரா: ஏன்?

வார்டெல்: எனக்குக் கூட்டத்துக்கு முன்னாடி பேச வராது.

எஸ்ரா: வாய் மூடாம பேசற நீ!

வார்டெல்: முட்டி வலி. எவ்வளவு நாள் ஓட்டுவேன்னு தெரியலை. அந்த சாக்ஸ் பொண்ணுகிட்ட குடு. நல்ல மூளை அதுக்கு.

எஸ்ரா: அது வந்து நாலு மாசம்தான் ஆகுது. ஊர் ஊரா ஏழு பேரைக் கட்டி மேய்ச்சதில்லை.

வார்டெல்: இப்ப அஞ்சு பேருதானே.

எஸ்ரா: பேச்சை மாத்தாத.

வார்டெல்: டாக்டரம்மா, இவனுக்குக் காதுல மாட்டற மெஷின் எதுவும் இல்லையா? காசைப் பத்திக் கவலைப்படாதீங்க, நல்லதா ஒண்ணு மாட்டி விடுங்க.

டாக்டர்: இருக்கு சார். ஆனா இந்தச் சனிக்கிழமைக்கு ஆகாது.

வார்டெல்: அப்ப சனிக்கிழமையைத் தள்ளிப் போடுங்க!

எஸ்ரா: அது என்ன இவங்க கையிலயா இருக்கு? வார்டெல், இங்க பாரு. நான் உனக்குப் புதுசா எதையும் குடுக்கலை. பதினோரு வருஷமா நடத்தறவனே நீதான்.

வார்டெல்: என்ன உளர்றே?

எஸ்ரா: நான் ஏன் உன் டிரம்முக்கிட்ட நகர்ந்து நகர்ந்து வந்தேன்? எல்லாரும் வயசாயிடுச்சு, சாயறதுக்கு இடம் தேடறான்னு நெனச்சாங்க. நீ காலால அடிக்கிற அந்தப் பெரிய டிரம் இருக்குல்ல, அது தரையில இடிக்கும். என் காலு வழியா மேல ஏறும், இடுப்பு வரைக்கும். அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் ஒவ்வொரு பாட்டையும் வாசிக்கறேன். நீ வேகமாப் போனா நான் வேகம். நீ நின்னா நான் நிக்கறேன். உன் காது ஒண்ணுதான் இந்தப் பேண்டுக்கு மிச்சம். அதைப் பத்திரமா வெச்சுக்கோ.

வார்டெல்: ஹா... ஹா ஹா...

டாக்டர்: வார்டெல் சார்... என்னாச்சு? ஏன் சிரிக்கறீங்க?

எஸ்ரா: சிரிப்பா இது? கண்ணு தண்ணி விடுது பாரு.

டாக்டர்: கொஞ்சம் தண்ணி குடிங்க. என்ன சார், சொல்லுங்க.

வார்டெல்: இவன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலை டாக்டரம்மா. ஒன்பது வருஷமா தெரியலை.

எஸ்ரா: எதை?

வார்டெல்: நீ வாசிக்கும்போது உன் வலது குதிகால் ஏறி இறங்கும். பின்னாடி உட்கார்ந்து அதைப் பார்த்துப் பார்த்துத்தான்டா நான் அடிச்சுக்கிட்டிருக்கேன்... உன் கிட்டார் சத்தம் எப்படி இருக்கும்னே எனக்கு மறந்து போச்சு.